முதலில் போனை வைக்காதவர்

போனை முதலில் வைக்கிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பது அக்காவின் கட்சி. அதனால் அவர் எந்தப் போனையும் முதலில் வைக்க மாட்டார். குவைத்திலிருந்தோ தம்மாமிலிருந்தோ கூப்பிட்டவன் அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, "சரிக்கா, சரிக்கா" என்று பலமுறை சொல்லி, சொல்ல வேறொன்றும் இல்லாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருப்பான். அக்கா காதிலிருந்து எடுக்க மாட்டார். "நீ வெய்யிப்பா. நான் வெக்க மாட்டேன்" என்பார். அவன் கூச்சத்தோடு "நீங்களே வெய்யிங்கக்கா" என்பான். எதிர் மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நிச்சயம் பண்ணிய ஜோடிகூட இப்படி இழுக்காது என்று ஒரு நாள் சொல்லியே விட்டேன். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "உனக்கு இன்னாம்மா, வூட்டுக்காரரு ஷார்ஜாவுலருந்து தெனமும் பேசறாரு" என்றார்.

விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போகிற வழியில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் எங்கள் அறை இருந்தது. வெளிநாட்டில் வேலைக்குப் போய் மாட்டிக்கொண்டவர்கள், அடி வாங்குகிறவர்கள், பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்தவர்கள், எதுவுமே ஆகாமல் சும்மா மனசு விட்டுப்போனவர்கள், இவர்களெல்லாம் கூப்பிட்டுப் பேச ஓர் இடம். ஓய்வு பெற்ற வக்கீல் ஒருவர் ஆரம்பித்தது. சம்பளம் கிடையாது. நான் வீட்டில் டியூஷன் எடுக்கிறவள். பகலில் சும்மா இருந்ததால் போய்ச் சேர்ந்தேன். அக்கா திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வருவார். அரபு நாடுகளில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் வெள்ளி மதியம்தான் எங்களுக்குக் கூட்டம். மற்றவர்கள் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவார்கள். நாங்கள் அந்த மாடி அறைக்குப் போவோம்.

அக்காவின் பையில் எப்போதும் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பொட்டலம் இருக்கும். போனில் பேச்சு நின்றுபோகிற நேரத்தில் அதை உரிப்பார். அந்தப் பக்கத்து ஆள் பேசவில்லை என்றால் இவரும் பேச மாட்டார். ஓடு உடைகிற சத்தம் மட்டும் போகும். "இன்னாக்கா சத்தம்?" என்று கேட்பார்கள். "மல்லாட்டை உரிக்கிறேன்" என்பார். அதைக் கேட்டு அழுதவர்களும் உண்டு. அழவந்தவர்கள் சிரித்ததும் உண்டு.

"கவலைப்படாதே", "எல்லாம் சரியாயிடும்" ஆகிய இரண்டும் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. "சரியாவுமான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நான் இன்னா குறி சொல்றவளா?" என்பார். கேட்கிறவருக்குச் சில சமயம் சுருக்கென்று இருக்கும். ஆனாலும் மறுவாரம் "அந்த மல்லாட்டை அக்கா இருக்கறாங்களா?" என்று அவரைத்தான் கேட்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

எடுத்த எடுப்பில் அவர் கேட்கிற கேள்வி, "சோறு துன்னியா? இன்னா துன்ன?" என்பது. நாங்கள் எல்லோரும் அதைக் கற்றுக்கொண்டோம். இன்னொரு கேள்வியும் இருந்தது. "கூட யாருப்பா இருக்கறாங்க?" அதை அவர் எல்லோரிடமும் கேட்க மாட்டார். கெட்ட சேதி சொல்ல வேண்டியிருந்தால் மட்டும் கேட்பார். தனியாக இருக்கிறவனிடம் சாவு சேதி சொல்லக் கூடாது, பக்கத்தில் ஓர் ஆளை உட்காரவைத்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அவருடைய மகன் ஸ்டீபன் அப்போது திண்டிவனத்தில் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அம்மாவைக் கூட்டிப்போக வருகிற நாட்களில் எங்களோடு உட்கார்ந்து டீ குடிப்பான். "எங்கம்மா சாப்ட்டியான்னு கேட்டா பயமில்ல டீச்சர். கூட யாருன்னு கேட்டாங்கன்னு வெச்சிக்கங்க, போனை வீசிட்டு ஓடிப்பூடணும்" என்று கிண்டல் பண்ணுவான். அக்கா அவன் தலையில் ஒன்று வைப்பார்.

இந்தச் சட்டமெல்லாம் எங்கிருந்து வந்தது என்பதை அவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார். ஒரு நாள் அவரோடு திண்டிவனம் வரைக்கும் போனபோது, பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கணவர் இறந்த பிறகு, ஸ்டீபனைத் தன் அப்பாவிடமும் அண்ணனிடமும் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவர் அவர். நிலம் இல்லாத குடும்பம். வேறு வழி இல்லை. அங்கே இருந்தபோது அப்பா செத்துப்போனார். ஊரில் யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் அவரால் வர முடியாது, சும்மா அழுது வேலையைக் கெடுத்துக்கொள்வார் என்று அவர்களாகவே முடிவு பண்ணிவிட்டார்கள். இவர் போன் பண்ணினால் அண்ணன் எடுத்து, "அப்பா கழனி வேலைக்குப் பூட்டாரு. சரி, வெச்சிடறேன்" என்று வைத்துவிடுவார். குழந்தையாக இருந்த ஸ்டீபனுக்கும், "தாத்தா தூங்கறாரு" என்று சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். லீவில் வந்து திண்டிவனத்தில் இறங்கி ஆட்டோ ஏறினார். அப்பாவுக்கு வாங்கிய கம்பளி மடியில் இருந்தது. ஊர்க்கார ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "அப்பாரு கல்லறைக்கு செலுவை வெச்சிட்டீங்களாம்மா?" என்று கேட்டாராம்.

"செத்ததுக்குக்கூட நான் அழுவலம்மா" என்றார் அக்கா. "தெனமும் ராத்திரி, ஏசப்பா, எங்கப்பாவை சொகமா வெச்சிக்கோன்னு முட்டி போட்டுக்கினு ஜெபம் பண்ணேன். மாசக்கணக்கா. மண்ணுக்குள்ள கீறவருக்கு. அந்த ஜெபமெல்லாம் எங்க போச்சி? அதை எவன் குடுப்பான் திருப்பி?"

கூட்டேரிப்பட்டில் அக்கா மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் ஒரு பிடி கொடுத்தார்.

நம் பக்கத்தில் இது ஊரறிந்த வழக்கம்தான். பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் வீட்டுச் சாவை மறைப்பார்கள். அதைப் பாசம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஏழுமலை கூப்பிடுகிற வரைக்கும்.

ஏழுமலை திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துப் பையன். சவுதியில் ஒரு பேரீச்சந் தோட்டத்தில் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டான். சோறு தின்றாயா என்று அக்கா கேட்டதற்குப் பதில் சொல்லாமல், "விழுப்புரத்துல மழையாக்கா?" என்று கேட்டான். கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நாள் அது. மின்விசிறிகூட நெருப்பைத்தான் வீசிக்கொண்டிருந்தது.

"மழையா? இங்க ரோட்டுல தாரு உருவுது" என்றார் அக்கா.

"எங்கம்மா நேத்து வாய்ஸ் அனுப்பிச்சாங்க. மழை கொட்டிக்கினு இருக்குது, மல்லாட்டையைக் காய வெக்க முடியலன்னு சொல்றாங்க. போன் பண்ணா எடுக்க மாட்றாங்க. வாய்ஸ்தான் வருது. எங்கக்காவைக் கேட்டா, அம்மாவுக்குத் தொண்டை சரியில்ல, பேச முடியாதுன்னு சொல்லிட்டு வெச்சிடறா. தொண்டை சரியில்லாதவங்க வாய்ஸ் மட்டும் எப்பிடிக்கா அனுப்புவாங்க?"

அக்கா உரித்துக்கொண்டிருந்த மல்லாட்டையைக் கீழே வைத்தார். அவனுடைய அக்காவின் நம்பரை வாங்கிக்கொண்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றார். அவன் வைக்கும் வரை காத்திருந்தார்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் திருவெண்ணெய்நல்லூருக்குப் பஸ் ஏறினோம். இறங்கிக் கரும்புத் தோட்டத்து ஓரமாகக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருந்தது. ஏழுமலையின் அக்கா பெயர் செல்வி. எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். கதவு காற்றில் சாத்திக்கொண்டபோது அதன் பின்பக்கத்தில் மாலை போட்ட படம் ஒன்று மாட்டியிருந்தது தெரிந்தது. தம்பி வீடியோவில் கூப்பிட்டால் கண்ணில் படாமலிருக்க அங்கே மாட்டியிருக்கிறார்கள். அம்மா பொங்கல் கழிந்து இறந்திருக்கிறார். செல்வி அம்மாவின் பழைய குரல் பதிவுகளை இன்னொரு போனில் ஓடவிட்டு, அம்மா போனில் புதிதாகப் பதிந்து, தம்பிக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். இருந்ததையெல்லாம் அனுப்பித் தீர்ந்துபோய், கடைசியில் ஐப்பசி மழையில் அம்மா பேசியதைச் சித்திரையில் அனுப்பிவிட்டாள்.

செல்வி மறைக்கப் பார்க்கவில்லை. அழுதுகொண்டே சொன்னாள். "அவன் ஏற்கெனவே ஒரு தரம் உசிரை வுடப் பாத்தவன். நாங்க அத்தினி பேரும் சுத்தி இருக்கசொல்லவே. இப்ப அங்க ஒண்டியா கீறான். மொதலாளி அனுப்ப மாட்டாரு. நான் சொல்லி, அவன் எதனா பண்ணிக்கினா நான் இன்னா பண்ணுவேன்? லீவுல வரட்டும். வந்ததும் சொல்லிக்கலாம்."

"பொட்டியோட வாசல்ல நின்னுக்கினு கேக்கணுமா அவன்?" என்றார் அக்கா.

"உயிரோட வந்து கேக்கட்டும். அது போதும் எனக்கு."

"உங்கம்மா குரலுக்கு அவன் பதில் சொல்றாம்மா. மாத்திரை போட்டியான்னு கேக்கறான். யாருகிட்டக் கேக்கறான் அவன்? நீயே சொல்லு."

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "உங்களுக்கு ஒரு புள்ள வெளிநாட்ல இருந்தாத் தெரியும்" என்றாள்.

"இருந்தாலும் இதாம்மா சொல்லுவேன்."

"என்னால முடியாதுங்க. நீங்க சொல்றதா இருந்தா அது உங்க பாவம்."

"சரி. என் பாவமாவே இருக்கட்டும்" என்று அக்கா எழுந்துவிட்டார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் நான் சண்டை போட்டேன். குடும்பம் வேண்டாம் என்கிறபோது சொல்ல நாம் யார், அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்தக் கை ரத்தத்தை எங்கே கழுவுவது என்றெல்லாம் கேட்டேன். உண்மையில் எனக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. அண்ணன்மேல் இருந்த கோபத்தை இந்த அம்மா ஊரார் வீட்டில் தீர்த்துக்கொள்கிறாரோ என்று. அதை மட்டும் கேட்கவில்லை. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவனுக்குத் தெரியும்மா. தெரிஞ்சிக்கினுதான் மழையான்னு கேக்கறான்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஏழுமலை கூப்பிட்டான். அக்கா சோற்றைப் பற்றிக் கேட்கவில்லை. "ஏழுமலை, கூட யாருப்பா இருக்கறாங்க?" என்றார். தோட்டத்தில் ஒரு சூடான்காரர் மட்டும் இருப்பதாகச் சொன்னான். "அவரைக் கூப்புடு. போனை அவருகிட்ட குடு" என்றார். குவைத் வீட்டுச் சமையலறையில் கற்றுக்கொண்ட அரபியில், தடுக்கித் தடுக்கி, அந்த மனிதரிடம் விஷயத்தைச் சொன்னார். அவனை விட்டு நகரக் கூடாது, இன்று இரவும் கூடவே படுக்க வேண்டும் என்று சொன்னாராம். இதைப் பிறகு எனக்கு விளக்கினார். அந்த மனிதர், "இன்னா லில்லாஹி" என்று சொன்னது எனக்கே கேட்டது. சாவு சேதி கேட்டால் முஸ்லிம்கள் சொல்கிற சொல் அது என்று அங்கே இருக்கிறவனுக்குத் தெரியாதா? அக்கா தமிழில் சொல்வதற்கு முன்னாலேயே ஏழுமலை கத்தினான்.

அந்தக் கத்தலை நான் எழுதப்போவதில்லை. அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஜன்னலில் வெயில் இறங்கி, பாத்திரக்கடைக்காரர் கீழே விளக்குப் போட்ட பிறகும் அப்படியே இருந்தார். மல்லாட்டைப் பொட்டலத்தைத் தொடவில்லை. அவனாகத்தான் கடைசியில் வைத்தான்.

அவன் சாகவில்லை. ஆனால் செல்வியோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அவள் எங்களுக்குப் போன் போட்டு, அம்மாவும் போய்த் தம்பியும் போய்விட்டான் என்று மண்ணை வாரித் தூற்றினாள். அக்கா அதையும் முழுக்கக் கேட்டார், அவள் வைக்கும் வரை. சில மாதம் கழித்து ஏழுமலை ஒரு தரம் கூப்பிட்டான். "நன்றின்னு சொல்ல மாட்டேங்க்கா" என்றான். அக்கா, "சொல்லாத" என்றார். அவர் செய்தது சரிதானா என்று இன்று என்னைக் கேட்டாலும் என்னால் சொல்ல முடியாது.

பிறகு ஸ்டீபனும் சவுதிக்குப் போனான். அக்காவுக்கு இஷ்டமில்லை. ஆனால் அவரே அரபு நாட்டுக்குப் போய்வந்தவர், எந்த வாயால் வேண்டாமென்பது? அங்கே தண்ணீர் லாரி ஓட்டினான். போன வருஷம் அவன் லாரியில் அடிபட்டு ஒரு ஆள் இறந்துபோனார். வழக்கு முடியும் வரை அவன் அந்த நாட்டை விட்டுக் கிளம்ப முடியாது என்று ஆயிற்று. எத்தனையோ பேருக்கு இதே மாதிரி வழக்கு வந்து அக்கா வழி சொல்லியிருக்கிறார். தன் மகனுக்கு அவரும் எங்கள் வக்கீலைத்தான் கேட்டார். "காத்திருக்கணும்" என்றார் வக்கீல். ஸ்டீபன் போனில் பேசுவது குறைந்தது. தூக்கம் வரவில்லை என்பான். அந்தச் செத்த ஆள் கனவில் வருவதாகச் சொல்வான்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா இளைக்க ஆரம்பித்தார். கேட்டால் வெயில் என்றார். பிறகு வயிறு என்றார். ஜிப்மரா வேலூரா என்று நான் நச்சரித்ததில் பாண்டிச்சேரியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் போன் பண்ணி, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லம்மா. அல்சராம். சரி, வெச்சிடறேன்."

வைத்துவிட்டார்.

நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் முதலில் வைத்தது அதுதான். எனக்கு அழுகை வந்தது. டாக்டர் சொன்னது இன்னதென்று எனக்கு வேறு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

திண்டிவனத்துக்குப் போனேன். அக்காவின் வீடு ஒற்றை அறை. வாசலில் நிற்கும்போதே உள்ளே அவர் பேசுகிற சத்தம் கேட்டது. "ஸ்டீபா, சாப்ட்டியா? இன்னா துன்ன? வேளாவேளைக்குத் துன்னு. கேஸைப் பத்தி ரோசனை பண்ணிக்கினே இருக்காத." யாரோடோ போனில் பேசுகிறார் என்று நினைத்து நின்றேன். கொஞ்சம் பொறுத்து அதையே வேறு மாதிரி மறுபடியும் சொன்னார். எட்டிப் பார்த்தேன். புழுக்கத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு, போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் புரிய நேரமாகவில்லை.

"வா" என்றார். வெட்கப்படவில்லை. "மழை வெயிலு எதையும் பேசலம்மா. பண்டிகை பேரும் எடுக்கல. அந்தப் பொண்ணு பண்ண தப்பு அதான்."

"அக்கா, நீங்களா?" என்றேன்.

"நான்தான். இந்தப் போனை உன்கிட்டக் குடுத்துடறேன். வாரத்துக்கு ஒண்ணு அனுப்பு. கேஸ் முடிஞ்சி வர்ற வரைக்கும். போன் பண்ணான்னா தொண்டையில ஆபரேசன்னு சொல்லு."

"ஏழுமலைக்குச் சொன்னீங்களே அக்கா."

"ஏழுமலை யாரு பெத்த புள்ளயோ." போனைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். "அந்தப் பொண்ணு சொல்லிச்சி பாரு, உங்களுக்கு ஒண்ணு இருந்தாத் தெரியும்னு. இப்பத் தெரியுது. இவன் கனாவுல ஏற்கெனவே ஒரு பொணம் வருது. ரெண்டாவது எதுக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேலா, அவருக்கு வந்த வியாதிமேலா என்று தெரியவில்லை. முடியாது என்று சொல்லவே வாயெடுத்தேன். அந்தக் கன்னத்து எலும்பைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். சரி என்றும் சொல்லவில்லை. அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்.

அதிக நாள் இருக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவருடைய அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். குழியில் மண் போடும்போது அக்காவின் அண்ணன் என்னருகே வந்து, "பையனுக்குச் சொல்ல வேணாங்க டீச்சர். தாங்க மாட்டான்" என்றார். அக்காவின் போன் என் கைப்பையில் இருந்தது.

வீட்டுக்கு வந்து அந்தப் பதிவுகளைக் கேட்டேன். நல்ல கெட்டிக்காரத்தனமாகத்தான் பண்ணியிருந்தார். எந்த மாதம் அனுப்பினாலும் பொருந்தும். ஆனால் பேசி முடித்த பிறகு எதையும் அவர் உடனே நிறுத்தியிருக்கவில்லை. "சரிப்பா" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் வைக்கட்டும் என்று காத்திருக்கிறார். வெறும் மூச்சுச் சத்தம். ஒன்றில் மல்லாட்டை ஓடு உடைகிறது. வைப்பதற்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை என்பது அவருக்கு மறந்துபோயிருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். அழித்த பிறகு பயமாக இருந்தது. ஸ்டீபனுக்கு ஒன்று ஆகிவிட்டால் என் பாவம்.

வெள்ளிக்கிழமை பாத்திரக்கடை மாடியில் உட்கார்ந்திருந்தேன். மதியம் அக்காவின் போன் அடித்தது. எடுத்தேன்.

"அம்மா" என்றான்.

"ஸ்டீபா, டீச்சர் பேசறேன்."

"டீச்சர், நீங்களா? அம்மா எங்க? எங்க பூட்டாங்க?"

வரும்போது நான் சொல்லிப் பழகி வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை. வந்தது ஒன்றுதான்.

"கூட யாருப்பா இருக்கறாங்க?"

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் காத்திருந்தேன். டிவி சத்தம் நின்றது. "பாய்" என்று யாரையோ கூப்பிட்டான். "பாய், கொஞ்சம் இங்க வந்து என் பக்கத்துல உக்காருங்க." கட்டில் கிறீச்சிட்டது.

"உக்காந்துட்டாரு டீச்சர்" என்றான். "சொல்லுங்க."